காலி சைக்கிள்

பஸ் கூரையிலிருந்து அந்தச் சாக்கு மூட்டையைக் கண்டக்டர் ஒற்றைக் கையால் நீட்டியபோதே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்து இங்கிலீஷ் சைக்கிளை எவராலும் ஒற்றைக் கையால் தூக்க முடியாது. இரண்டு ஆள் வேண்டும். கூடவே நாலு கெட்ட வார்த்தையும் வேண்டும். இவரோ முருங்கைக்காய்க் கட்டை எடுத்துக் கொடுப்பது போலக் கொடுத்தார்.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். விடியற்காலையில் திக்லிபூரை விட்டுக் கிளம்பிய பஸ் அப்போதுதான் போர்ட் பிளேர் ஸ்டாண்டுக்குள் நுழைந்து பெருமூச்சு விட்டு நின்றிருந்தது. டீசல் வாசனை, நனைந்த சாக்கு வாசனை, பாக்கு மூட்டை வாசனை. இறங்கியவர்கள் எல்லாரும் ஒரு நாள் முழுக்கக் குலுங்கிய இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நான் மட்டும் கல்யாண வீட்டுப் பிள்ளை மாதிரி பூரித்துப் போய் நின்றிருந்தேன்.

என்னோடு சரோஜா தீதி வந்திருந்தார்; தீதி என்றால் இந்தியில் அக்கா. கராச்சர்மாவில் எங்களுக்கு அடுத்த வீடு. கைதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த காலத்திலேயே தீவுக்கு வந்துவிட்ட குடும்பம். அவர் வாயில் தமிழும் இந்தியும் ஒரே தட்டில் பிசைந்த சோறு. சைக்கிள் வருகிறது, தூக்க ஒரு கை வேண்டும் என்று சொல்லி அவரை இழுத்து வந்திருந்தேன்.

கயிற்றை அவிழ்த்தேன். ஃப்ரேம் இருந்தது. முன் ஃபோர்க் இருந்தது. சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினேன். இரண்டு பாக்கு விழுந்தன.

சக்கரம் இல்லை. ஹேண்டில் பார் இல்லை. சீட்டு, செயின், பெடல், கேரியர் எதுவும் இல்லை. நான் எதற்காக அந்தச் சைக்கிளைக் கேட்டேனோ, அந்தப் பின்சக்கரத்து மூணு கியர் ஹப் இல்லவே இல்லை.

"தீதி, என் ஷெட்டு போச்சு," என்றேன். அழுகை வராத குறைதான்.

ஷெட்டுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரத்தமும் கிரீஸும்

இந்தத் தொடரைப் போன வாரம்தான் படிக்க ஆரம்பித்தவர்களுக்காக ஒரு வரி. நான் ஜெசிந்தா. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிறவள். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து அப்பா கப்பலேறி வந்ததால் இந்தத் தீவுக்காரி ஆனவள். பகலெல்லாம் அடுத்தவர் ரத்தத்தைக் குழாயில் ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கை முழுக்கக் கிரீஸ் பூசிக்கொண்டால்தான் எனக்கு அன்றைய நாள் முடியும்.

முதல் சைக்கிள் மின்னி பே என்கிற கடலோரப் பகுதியில் கிடைத்தது. கடலைப் பார்த்த ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வேலி ஓரம் ஏதோ கொடி ஏறிக் கிடந்தது. கொடியை விலக்கினால் உள்ளே ஒரு சைக்கிள். உப்புக் காற்று அதைத் தின்று ஏப்பம் விட்டிருந்தது. ஆனால் பெடலைக் கையால் தள்ளினேன், ஒரு சுற்றுச் சுற்றியது. அந்த ஒரு சுற்றுதான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

எங்கள் ஊர்க் கடைகளில் 'ஓவராயில்' பண்ணுவது என்பார்கள். கூடுதலாக எண்ணெய் விடுவது போலிருக்கிறது என்று ரொம்ப நாள் நம்பி, முதல் சைக்கிளுக்கு நான் விட்ட எண்ணெயில் ஒரு குடும்பத்துக்கு அப்பளம் பொரித்திருக்கலாம். எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, தேய்ந்ததை மாற்றி, திரும்ப மாட்டுவதுதான் அது என்று பிறகுதான் தெரிந்தது.

குரோமியப் பூச்சில் பிடித்த துருவை ஈரமான அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்த்தால் போதும், கண்ணாடி மாதிரி முகம் தெரியும். முதல் தடவை அப்படித் தெரிந்தபோது என் முகத்தையே நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கில் கறுப்புக் கறை. ராணி மாதிரி இருந்தேன்.

பழசைப் பழசாகவே வைத்துக் கும்பிடுகிற கட்சியில்லை நான். அதற்கு மியூசியம் இருக்கிறது. என் சைக்கிள் ஓட வேண்டும். அதனால் பழைய லாந்தர் விளக்குக்குள் எல்இடி பல்பு போடுவேன். இந்த உப்புக் காற்றுக்குத் தாங்காது என்று போக்ஸ் கம்பியெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடுவேன். மெயின்லேண்டிலிருந்து சில ரசிகர்கள் வாட்ஸப்பில் இதற்காக என்னைத் திட்டுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கதவுக் கொண்டியை இங்கே கொண்டு வந்து ஒரு மழைக்காலம் மாட்டி வைத்துப் பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

ஷெட் யாருக்கு?

என் வீட்டுக்காரர் சேவியர், துறைமுகத்தில் இழுவைப் படகின் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர். பெரிய கப்பல்களைத் தள்ளிக் கரை சேர்க்கிற குட்டிப் படகு. நல்ல மனுஷன். சமைப்பார், துவைப்பார், என் அம்மாவுக்குச் சாகும் வரை மருந்து எடுத்துக் கொடுத்தவர். ஆனால் என் சைக்கிள்களைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. நகர்த்தி வைக்கக்கூடத் தொட மாட்டார்.

"என்னத்துக்கு ஜெசி இந்தத் துருவக் கட்டிக்கிட்டு மாரடிக்க? நீ ஓட்டினத விடத் தள்ளினதுதான் ஜாஸ்தி."

அது உண்மைதான், அதனால்தான் சுருக்கென்று குத்தியது. எங்கள் ஊரில் சமதரை என்று ஒன்று கிடையாது. ஒன்று ஏற்றம், இல்லை இறக்கம். பழைய சைக்கிளோ யானைக் கனம், ஒரே கியர். எங்கள் தெருக் கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற மேடு இருக்கிறதே, அதில் ஸ்கூட்டியே முனகும். நான் ஒவ்வொரு தடவையும் பாதியில் இறங்கி, தெருவே பார்க்கத் தள்ளிக்கொண்டு போவேன்.

இப்படி இருக்கும்போது அவர் ஒரு கார் வாங்கினார். சென்னையில் வாங்கி, கப்பலில் ஏற்றியாயிற்று. வந்து இறங்கினால் நிறுத்த இடம் வேண்டும். இருப்பது ஒரே ஷெட். அதில் என் சைக்கிள்கள், என் மேஜை, என் ரேடியோ, சுவரில் ஆணிக்கு ஆணி நான் மாட்டி வைத்த ஸ்பேனர்கள்.

ஒரு ஷெட்தானே என்று நினைக்கலாம். வீட்டில் அடுப்படி எல்லாருக்கும் பொது, ஹால் டிவிக்கு, படுக்கையறை தூக்கத்துக்கு. என் கை வைத்தது வைத்தபடி இருக்கிற இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அதைக் கேட்டதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க காரு மழையில நனைஞ்சா கரைஞ்சா போயிரும்?"

"உன் துரு நனைஞ்சா மட்டும் என்ன, புதுசா துரு பிடிக்கவா போவுது?"

வார்த்தை முற்றி, கடைசியில் அவரே ஒரு பந்தயம் வைத்தார். என் பழைய சைக்கிள் ஏதாவது ஒன்றில், கால் தரையில் படாமல், தொட்டி மேட்டின் உச்சி வரை நான் மிதித்து ஏறிவிட்டால் ஷெட் எனக்கு. கார் தெருவில் நிற்கும். ஏற முடியவில்லையென்றால் ஷெட் காருக்கு, சைக்கிள்களெல்லாம் பழைய இரும்புக்காரருக்கு. கார் வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பரீட்சை.

"சரி," என்றேன். மறு யோசனையே இல்லை. ஏனென்றால் எனக்கு ஒரு சைக்கிள் ஞாபகம் வந்துவிட்டது.

பாக்கி ஸப்?

திக்லிபூரில் பிஸ்வாஸ் தாதா என்று ஒரு பெங்காலிப் பெரியவர். பாக்குத் தோட்டக்காரர். அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பழக்கம். அவர் வீட்டுக் கொட்டிலில் இரண்டு சைக்கிள் சாத்தி வைத்திருந்ததை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஒன்று பச்சை, நம் நாட்டில் செய்தது. இன்னொன்று கறுப்பு, இங்கிலீஷ்காரர்கள் விட்டுப்போனது. கறுப்பின் பின்சக்கரத்து நடுவில் தடித்த ஒரு ஹப். அதன் அச்சுக்குள்ளிருந்து பொடிச் சங்கிலி ஒன்று எட்டிப் பார்க்கும். அதுதான் மூணு கியர். வயிற்றுக்குள்ளேயே பல் சக்கரங்களை ஒளித்து வைத்திருக்கும் அற்புதம். கீழ் கியரில் போட்டால் சுவரில்கூட ஏறலாம் என்று நான் நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று தாதா சொல்லி வைத்திருந்தார். அன்றைக்கே போன் போட்டேன். எங்கள் தீவில் பெங்காலியும் தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் பேசிக்கொள்ள இருப்பது இந்திதான். அவரவர் இந்தி அவரவருக்கு.

"தாதா, முஜே காலி சைக்கிள் சாஹியே," என்றேன். இந்தியில் காலி என்றால் கறுப்பு. எனக்குக் கறுப்புச் சைக்கிள் வேண்டும்.

"காலி?" தாதாவின் குரலில் ஆச்சரியம்.

"ஹாங் தாதா. ஸிர்ஃப் காலி." கறுப்பு மட்டும்.

"பாக்கி ஸப்?" மற்றதெல்லாம் என்ன செய்ய என்று கேட்டார். பச்சைச் சைக்கிளைக் கேட்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள், அதையும் தரப் பார்க்கிறாரே.

"பாக்கி ஆப் ரக் லோ, தாதா." மற்றதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

இப்போது திரும்ப பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். சாக்கு என் காலடியில். இரண்டு பாக்கு. சரோஜா தீதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஜெசி, நீ போன்ல என்ன சொன்ன? காலி சொன்னியா, காலி சொன்னியா?"

"காலிதான் சொன்னேன்."

"அதான் எது?"

இந்த இடத்தில் வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். தீதி சொன்னது இரண்டு வார்த்தை. அதை எழுத நம்மிடம் இருப்பது ஒரே எழுத்து. இந்தியில் சாதாரணமாகச் சொன்னால் கறுப்பு. அடி வயிற்றிலிருந்து காற்றை ஊதிச் சொன்னால் வெறுமை, ஒன்றுமில்லாதது, நாம் தமிழிலும் சொல்கிறோமே அந்தக் காலி. என் தமிழ் நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழ்க்காரி காற்றை ஊத மறந்திருப்பாள் என்று தாதா அவராகவே ஊதிக் கேட்டுக்கொண்டார்.

ஆக, அவர் காதில் விழுந்தது இப்படி: வெறும் சைக்கிள் வேண்டும். வெறும் சைக்கிள் மட்டும். மற்ற சாமான்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பாவம், அந்த மனுஷன் ஒரு மத்தியானம் முழுக்க மண்ணெண்ணெய் ஊற்றி, துருப்பிடித்த நட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, நான் கேட்டபடியே காலியாக அனுப்பி வைத்திருக்கிறார்.

தீதி ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். முடிக்கிற மாதிரி தெரியவில்லை. கடைசியில் எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஃப்ரேமின் இரண்டு பக்கம் உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்து, கண்டக்டர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

கியர் வைத்த தேங்காய் வண்டி

அங்கேயே நின்று தாதாவுக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை பேசியது தீதி. சரியாகக் காற்றை ஊதி.

பிறகு தாதா மெதுவாகச் சொன்னார். "அரே பாப் ரே. வோ தோ டேலே மே லக் கயா."

தள்ளுவண்டியில் மாட்டியாகிவிட்டதாம். நான்தான் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேனே. பக்கத்துத் தோட்டக்காரர் தேங்காய் தள்ள வண்டி கட்டிக்கொண்டிருந்தார், தாதா இரண்டு சக்கரத்தையும் அவருக்குக் கொடுத்துவிட்டார். உலகத்திலேயே மூணு கியர் வைத்த ஒரே தேங்காய் வண்டி அந்த நேரத்தில் திக்லிபூரில் ஓடிக்கொண்டிருந்தது.

"வாபஸ் கேட்டா தர மாட்டேங்கறாராம்," என்று தீதி போனைப் பொத்திக்கொண்டு சொன்னார். "சக்கரம் வெண்ணெய் மாதிரி சுத்துதாம். இவ்வளவு அச்சா சீஸ், நல்ல சாமான, யார் விடுவா, சொல்லு?"

ஹப் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பயத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு குளுகுளுப்பு.

தாதா விடவில்லை. தன் பச்சைச் சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றித் தேங்காய் வண்டிக்குக் கொடுத்து, என்னுடையதை மீட்டுத் தருகிறேன் என்று சொன்னார். எனக்காக இன்னொரு சைக்கிளும் காலி ஆகப்போகிறது. வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. ஆசை அப்படி.

கப்பல் முந்துமா, பஸ் முந்துமா?

அதற்குப் பிறகு வந்த நாட்கள் இருக்கிறதே, பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படித் தவித்ததில்லை. ஒரு பக்கம் காரை ஏற்றிய கப்பல் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் என் சக்கரம் திக்லிபூரிலிருந்து வர வேண்டும். அங்கேயோ மழை. சாலையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது.

சேவியர் தினமும் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கப்பல் செய்தி வாசிப்பார். கப்பலைத் தள்ளிக் கரை சேர்ப்பதே அவர் படகுதான். அவருக்குத் தெரியாமல் ஒரு கப்பல் உள்ளே வர முடியாது.

"கப்பல் வந்துட்டு ஜெசி. வெளிய நங்கூரம் போட்டுக் கெடக்கு."

"அப்ப நாளைக்கு இறக்கிருவாங்களா?"

"எங்க? ஜெட்டியில பெர்த்து காலி இல்ல."

வாழ்க்கையில் அந்த வார்த்தை எனக்கு உதவியது அன்றைக்கு ஒரு தடவைதான்.

சாலை திறந்து முதல் பஸ் வந்தது. அதே கண்டக்டர். சக்கரங்களை மூட்டை கட்டாமல், பின்சக்கரத்தைத் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். ஹேண்டில் பார், சீட்டு, செயின், பெடல், கேரியரெல்லாம் ஒரு சாக்கில். கூடவே ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் கியர் லீவர், பொடிச் சங்கிலி, நட்டுகள், எல்லாம் தாதா துணியில் முடிந்து வைத்தது.

ஷெட்டுக்குள் உட்கார்ந்து அந்த ஹப்பைத் திறந்த மத்தியானத்தை நான் எப்படிச் சொல்வேன்? மூடியைத் திருகியதும் தேன் மாதிரிப் பழைய எண்ணெய். அதை டீசலில் கழுவக் கழுவ, உள்ளேயிருந்து பல் சக்கரங்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. நடுவில் ஒன்று, அதைச் சுற்றிக் குட்டிகள், அதையும் சுற்றி ஒரு வளையம். ஒரு பல்கூடத் தேயவில்லை. யாரோ எப்போதோ சீமையில் உட்கார்ந்து செய்தது, தேங்காய் சுமந்துவிட்டு வந்தும் புத்தம் புதுசாக மின்னியது. சந்தோஷத்தில் நான் கத்தியே விட்டேன்.

சத்தம் கேட்டு சேவியர் வந்து வாசலில் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே குனிந்து பார்த்தார். இன்ஜின்காரர் கண் அல்லவா, விடுமா.

"கியர்பாக்ஸ்தான் இது," என்றார். "சின்னதா, அழகா செஞ்சிருக்கான்."

"தொட்டுப் பாருங்க."

"ஷெட்டு கெடையாது கேட்டியா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஹப்பை மாட்டினேன். சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தேன். பின் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்று போட்டேன், மிதிக்க லேசாக இருக்கும். புதுக் கேபிளை ஃப்ரேமின் மேல் குழாயை ஒட்டி இழுத்துக் கட்டினேன். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றினால் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் தட்டில் போட்டுச் சாப்பிடுவேன்.

ஒன்றுதான் உறுத்தியது. கியர் லீவருக்குள் கேபிளைப் பிடித்து நிறுத்துகிற கொக்கி கொஞ்சம் மழுங்கியிருந்தது. அரத்தால் ராவிச் சரி செய்தேன். சரியாகத்தான் நின்றது.

சனிக்கிழமை கார் வந்தது. தெருவில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, ஷெட்டையே பார்த்தபடி நின்றது.

தொட்டி மேடு

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தீதி உபயம். சேவியர் முன்னாலேயே நடந்து மேட்டின் உச்சிக்குப் போய், தொட்டிக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் நிற்கிற இடம்தான் எல்லை.

நான் சுடிதார் கால்களுக்குக் கிளிப் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். லீவரைக் கீழ் கியருக்கு இழுத்தேன். சாமி பேரைச் சொல்லி மிதித்தேன்.

ஏறியது. வழக்கமாக நான் இறங்கித் தள்ள ஆரம்பிக்கிற மின்கம்பத்தைக் கடந்தேன். தொடை வலிக்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. சைக்கிள் மெதுவாக, பிடிவாதமாக, டிக் டிக் என்று ஏறிக்கொண்டேயிருந்தது. சிரித்துவிட்டேன். தெருவைப் பார்த்து ஒரு கையை ஆட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

பாதிக்கு மேல் வந்ததும் 'டக்' என்றது. பெடல் திடீரென்று கல்லாகக் கனத்தது. மழுங்கிய கொக்கி கேபிளை விட்டுவிட்டது. கியர் மேலே தாவிவிட்டது. லீவரைத் திரும்ப இழுத்தேன், நிற்கவில்லை, நழுவியது. இன்னொரு தடவை. நழுவியது. சைக்கிள் தள்ளாடியது. கால் தரையைத் தேடியது.

என் மேஜை, என் ரேடியோ, என் ஸ்பேனர்கள் எல்லாம் கண் முன்னால் வந்து போயின. பழைய இரும்புக்காரர் தராசும் வந்தது.

கியர் என்றால் என்ன? கேபிள் இறுக்கமாக இருந்தால் கீழ் கியர், அவ்வளவுதானே. லீவர் பிடிக்காவிட்டால் என்ன, எனக்குக் கை இல்லையா? வலது கையை ஹேண்டில் பாரிலிருந்து எடுத்தேன். குனிந்து, காலுக்கு நடுவில் மேல் குழாயோடு ஓடுகிற கேபிளை இரண்டு விரலால் கொக்கி போட்டு, நாண் இழுப்பது போல இழுத்தேன். கம்பி விரலை அறுத்தது. உள்ளே ஏதோ விழுந்து பொருந்தியது. பெடல் லேசானது.

ஒற்றைக் கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கியரைப் பிடித்துக்கொண்டு, குடித்தவர் மாதிரி ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் வளைந்து வளைந்து ஏறினேன். கீழே தீதி, "சோட்னா மத் ஜெசி, விட்ராத," என்று கத்தியது கேட்டது. சேவியரின் செருப்பு தெரிந்தது. வேட்டிக் கரை தெரிந்தது. முன்சக்கரம் அவரைத் தாண்டியது.

இறங்கி, தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றேன். விரலில் ரத்தம். பிறத்தியார் ரத்தத்தை எத்தனையோ பார்த்தவள், என் ரத்தத்தைப் பார்த்து அன்றைக்குத்தான் பெருமைப்பட்டேன்.

சேவியர் கர்சீப்பை எடுத்து என் விரலில் சுற்றினார். முகத்தில் கோபம் இல்லை. "ஷெட்டு உனக்கு," என்றார். "சொன்னா சொன்னதுதான்."

"கால் ஆடுதுங்க. இறக்கத்துல நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க, நான் நடந்து வாரேன்."

அவர் ஹேண்டில் பாரைப் பிடித்தார். ஏறவில்லை. தள்ளிக்கொண்டே இறங்க ஆரம்பித்தார்.

"ஏத்தத்துக்குத் தள்ளுறவங்களப் பாத்திருக்கேன், இறக்கத்துக்கும் தள்ளுறவரு நீங்கதான்," என்று நான் கேலி செய்தேன். வெற்றி போதை. முன்னும் பின்னும் பார்த்தார். தெருக்காரர்கள் இன்னும் கீழேதான் இருந்தார்கள்.

"எனக்கு ஓட்டத் தெரியாது ஜெசி."

நின்றுவிட்டேன்.

அவருடைய அப்பா கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சில தீவுகளில் விளக்கும் இவர்கள் குடும்பமும் மட்டும்தான். "ரோடே கெடையாது. டோங்கிப் படகுதான். நான் நடக்கதுக்கு முந்தி துடுப்புப் பிடிச்சவன்," என்றார். "டவுனுக்கு வரும்போது மீசை மொளச்சிட்டு. அந்த வயசுல எவன்கிட்டப் போயி கத்துத் தான்னு கேக்க?"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் இது எனக்குத் தெரியாது. துரு துரு என்று அவர் திட்டியதையெல்லாம் நான் துருவைத் திட்டுகிறார் என்றே நம்பியிருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டேன். அந்த நிமிஷம் எனக்கு அந்த மனுஷன் மேல் வந்த பிரியம், கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அன்று சாயங்காலம் பையன்கள் ஃபுட்பால் முடித்துப் போன பிறகு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் சமமாக இருக்கும் தரை அது ஒன்றுதான். சீட்டை அடி வரை இறக்கிவைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். புயலில் கப்பலைத் தள்ளுகிற ஆள், ஹேண்டில் பாரை உடும்பு மாதிரிப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுறாத."

"விட மாட்டேன், மிதிங்க."

நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். விழுந்தார். எழுந்தார். எனக்கு மூச்சிரைத்தது. புல் ஈரமாக இருந்தது. திரும்பத் திரும்ப மைதானத்தின் ஒரு முனையிலிருந்து தொடங்கினோம். ஒரு தடவை கேரியர் என் கையை விட்டுத் தானாகவே போயிற்று. நான் நின்றுவிட்டேன். அவர் போய்க்கொண்டேயிருந்தார்.

"ஜெசி, பிடிச்சிருக்கியா?" என்று திரும்பிப் பார்க்காமலே தூரத்திலிருந்து கத்தினார்.

பொய் சொல்ல மனசில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் விழுந்துவிடுவார்.

"பிடிச்சிருக்கு," என்றேன்.